நூறு பேரைக் கேட்டால் என்ன தெரியும்? கல்லூரியில் படிக்கும் சந்தை ஆராய்ச்சியும் அதன் பிராஜெக்டும்

கடைசி செமஸ்டர் தொடங்கியதும் வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் இணைப்புகள் வர ஆரம்பிக்கும். 'எங்கள் பிராஜெக்டுக்காக இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்' என்று கீழே ஒரு வரி இருக்கும். பி.காம், பி.பி.ஏ., எம்.பி.ஏ. என்று எந்தப் படிப்பிலும் சந்தை ஆராய்ச்சி எடுத்த மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வழியாகத்தான் அந்தப் பாடத்தை விட்டு வெளியேறுகிறார்கள். நூறு பேர் நிரப்புவார்கள், அட்டவணை போடப்படும், பைண்டிங் ஆகும், வைவா முடியும். அந்த நூறு பேர் சொன்னதிலிருந்து உண்மையில் என்ன தெரிந்தது என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பதில் இருக்காது. அந்தப் பாடம் எதற்காக இருக்கிறது, பிராஜெக்ட் எங்கே தடம் மாறுகிறது, அதே நூறு பேரை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

இது என்ன பாடம்

ஒரு நிறுவனம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விலையை ஏற்றுவதா, பாக்கெட்டைச் சிறிதாக்குவதா, மதுரையில் கிளை திறப்பதா? முடிவுக்கு வேண்டிய தகவல் கையில் இல்லை. அதை ஒழுங்கான முறையில் சேர்த்து, அலசி, முடிவெடுப்பவரிடம் கொடுப்பதுதான் சந்தை ஆராய்ச்சி. இந்த விளக்கத்தில் முக்கியமான சொல் 'முடிவு'. விடை எப்படி வந்தாலும் யாரும் எதையும் மாற்றப் போவதில்லை என்றால் அந்த ஆய்வுக்குச் செலவு செய்யக் காரணமே இல்லை.

இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் கர்ட்டிஸ் பதிப்பக நிறுவனம் 1911ல் சார்ல்ஸ் கூலிட்ஜ் பார்லின் என்பவரை வைத்து வணிக ஆராய்ச்சிக்குத் தனிப்பிரிவு தொடங்கியது. தன் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு அவர்களுடைய சந்தையைப் பற்றிச் சொல்வதே நோக்கம். 1923ல் ஆர்தர் நீல்சன் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். கடைகளில் எது எவ்வளவு விற்றது என்று நேரில் எண்ணிப் பார்க்கும் முறைக்கு அந்த நிறுவனம்தான் பேர் போனது. இந்தியாவில் 1960ல் பரோடாவில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப், அதாவது ஓ.ஆர்.ஜி., ஆரம்பிக்கப்பட்டது. ஆரம்பித்தவர் விக்ரம் சாராபாய். ஆமாம், விண்வெளி ஆராய்ச்சிக்காக நாம் அறிந்த அதே சாராபாய்தான்.

பாடத்திட்டத்தில் இருப்பவை

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் அலகுகளின் வரிசை மாறும், சரக்கு மாறாது.

1. பிரச்சினையை வரையறுத்தல். நிறுவனத்தின் கவலையை ஆராய்ச்சிக் கேள்வியாக மாற்றுவது.
2. ஆய்வு வடிவமைப்பு. இதில் மூன்று வகை. ஒன்றுமே தெரியாதபோது துழாவிப் பார்ப்பது, இருப்பதை அளந்து விவரிப்பது, எது எதற்குக் காரணம் என்று சோதிப்பது.
3. தரவு. பிறர் ஏற்கெனவே சேர்த்தது இரண்டாம் நிலைத் தரவு, நாமே சேர்ப்பது முதல் நிலைத் தரவு.
4. அளவுகோல்கள். 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'முழுக்க மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம் போடுகிறோமே, அது ரென்சிஸ் லைக்கர்ட் 1932ல் முன்வைத்தது.
5. மாதிரி எடுத்தல், களப்பணி, பகுப்பாய்வு, அறிக்கை.

இதில் முதல் இனத்துக்கும் ஐந்தாவதில் உள்ள களப்பணிக்கும் வகுப்பில் ஆளுக்கொரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். பகுப்பாய்வு மீதிக் காலத்தை எடுத்துக்கொள்கிறது. தேர்வில் கணக்கு கேட்டால் மதிப்பெண் போட எளிது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிராஜெக்டின் அச்சு

தலைப்பு பாதி எழுதியே வந்துவிடும்: இன்ன பொருள் மீது நுகர்வோரின் விருப்பம், 'கோயம்புத்தூர் மாநகரத்துக்குச் சிறப்புக் கவனம் கொடுத்து ஓர் ஆய்வு'. ஊர்ப் பெயரை மாற்றினால் அடுத்த ஆள் தயார். உள்ளே ஐந்து அத்தியாயங்கள். பதிலளித்தவர்களில் 58 சதவீதம் ஆண்கள் என்று ஓர் அட்டவணை, அதே எண்ணுக்கு ஒரு வட்ட வரைபடம், அதற்குக் கீழே 'பெரும்பான்மையோர் ஆண்கள்' என்று ஒரு வரி. ஒரே செய்தி மூன்று முறை. பிறகு கை ஸ்கொயர் சோதனை. காரணங்களை வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தால் கேரட் தரவரிசை முறை, அதற்கு நம் ஊர்க் கல்லூரிகளில் தனி மரியாதை. கடைசியில் பரிந்துரை: விலையைக் குறைக்கலாம், விளம்பரத்தைக் கூட்டலாம். இந்த இரண்டையும் சொல்ல யாரையும் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

மாணவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கைடும் அதே அச்சில் வார்க்கப்பட்டவர்தான். பிசகு எங்கே இருக்கிறது என்பதைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதல் பிசகு: கேள்வி

1985 ஏப்ரலில் கொக்கோ கோலா தன் பழைய சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடந்திருந்தது. புதியதுதான் நன்றாக இருக்கிறது என்று பெரும்பான்மை சொன்னது. சந்தைக்கு வந்ததும் மக்கள் கொதித்தார்கள். 79 நாளில் பழைய பானம் திரும்பி வந்தது.

ஆட்கள் எண்ணிக்கையில் குறையில்லை, கணக்கும் தப்பவில்லை. 'இந்த இரண்டு கோப்பையில் எது பிடிக்கிறது' என்பது சோதனையின் கேள்வி. நிறுவனம் எடுக்கவிருந்த முடிவோ பழையதை அடியோடு நிறுத்துவது. 'பழையது இனிக் கிடைக்காது என்றால் என்ன செய்வீர்கள்' என்ற கேள்விக்கு உரிய எடையை அந்த ஆய்வு தரவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொல்லும் பதில், மாதக்கணக்காக வாங்கிக் குடிப்பவரின் பதில் ஆகாது என்பது இன்னொரு பக்கம்.

கல்லூரி பிராஜெக்டில் இந்தப் பிசகு வேறு உருவத்தில் வரும். அங்கே முடிவெடுக்க யாருமே இல்லை. 'இந்த ஆய்வின் விடையைப் பார்த்து யார் எதை மாற்றுவார்' என்று முதல் நாளே கேட்டு ஒரு வரி எழுதிவைத்தால், கேள்விப்பட்டியலில் பாதி தானாக உதிரும்.

இரண்டாம் பிசகு: யாரைக் கேட்டோம்

1936ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி கருத்து அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. பதவியில் இருந்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். பத்திரிகை அனுப்பிய முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்து முழுதாக மீளாத காலத்தில் அந்த இரண்டும் யாரிடம் இருந்திருக்கும்? அது மட்டுமல்ல, அட்டையை நிரப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு தனி ரகம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே சீராக வெந்த பானைக்குச் சரி. ஊர் என்பது தம் போட்ட பிரியாணி அண்டா, மேலாக ஒரு கரண்டி எடுத்துப் பார்த்து அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. அடிவரை எட்டி எடுக்க ஒரு வழி வேண்டும். அதுதான் குலுக்கல் முறை: ஆய்வுக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் தேர்வாவதற்குத் தெரிந்த அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். அப்படி எடுத்தால் மட்டுமே கீழ்க்காணும் பிழை வரம்புகளுக்கு அர்த்தம் உண்டு (சதவீதம் 50ஐ ஒட்டி இருக்கும்போது, 95% நம்பிக்கை அளவில்; அதாவது இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் சுமார் 95 முறை உண்மையான எண் இந்த வரம்புக்குள் விழும்).

- 100 பேர்: கூடக் குறைய 10 சதவீதப் புள்ளி
- 400 பேர்: 5 புள்ளி
- 1,100 பேர்: 3 புள்ளி
- 2,500 பேர்: 2 புள்ளி

இதில் இரண்டு சங்கதி கவனிக்க வேண்டும். பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஊர் எவ்வளவு பெரியது என்பது ஏறக்குறைய பொருட்டே இல்லை, கோயம்புத்தூரானாலும் இந்தியாவானாலும் 1,100 பேருக்குப் பிழை அதேதான்.

வாட்ஸ்அப்பில் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று நிரப்பிய ஃபார்மில் குலுக்கல் கிடையாது. அறிக்கையில் அதற்கு 'வசதி மாதிரி' என்று பெயர் எழுதுகிறோம். பெயர் எழுதுவதோடு நிற்காமல், அதன் விளைவையும் ஏற்க வேண்டும்: 100 பேரின் 10 புள்ளிப் பிழை வரம்புகூட அதற்குப் பொருந்தாது. பிழை எவ்வளவு என்றே சொல்ல முடியாது.

மூன்றாம் பிசகு: கை ஸ்கொயர்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், பிராஜெக்டுகளில் அதிகம் போடப்படுவதும் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கார்ல் பியர்சன் 1900ல் கொடுத்த சோதனை இது. இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்க வேண்டும், உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்த இடைவெளி வெறும் குலுக்கல் விளையாட்டால் வரக்கூடியதா என்று கேட்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. 50 ஆண்கள், 50 பெண்கள். ஒரு பிராண்டைப் பிடிக்கும் என்றவர்கள் 30 ஆண்கள், 20 பெண்கள். தொடர்பில்லை என்றால் இரு பாலிலும் 25 பேருக்குப் பிடித்திருக்க வேண்டும், 25 பேருக்குப் பிடிக்காமல் இருக்க வேண்டும். நான்கு கட்டங்களிலும் வித்தியாசம் 5. அதன் வர்க்கம் 25, எதிர்பார்த்த எண் 25ஆல் வகுத்தால் 1. நான்கு கட்டத்துக்கும் சேர்த்து 4. தொடர்பே இல்லாதபோது நூற்றில் ஐந்து முறை மட்டுமே தாண்டக்கூடிய எல்லை கை ஸ்கொயர் அட்டவணையில் 3.84. தாண்டிவிட்டது. 'பாலினத்துக்கும் விருப்பத்துக்கும் தொடர்பு உண்டு' என்று எழுதுவோம்.

இப்போது ஒரே ஒரு பெண் மனம் மாறி 'பிடிக்கும்' என்கிறார். 30, 21. மறுபடி கணக்குப் போட்டால் 3.24. தொடர்பு மறைந்துபோகிறது. ஒருவருடைய ஒரு டிக் அறிக்கையின் முடிவையே திருப்புகிறது என்றால், அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதைப் படிப்பவரே தீர்மானிக்கலாம்.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு.

1. எதிர்பார்த்த எண் பெரும்பாலான கட்டங்களில் 5க்குக் குறையக் கூடாது என்பது இந்தச் சோதனையின் வழக்கமான நிபந்தனை. ஐந்து வருமானப் பிரிவு, ஐந்து திருப்தி நிலை என்று அட்டவணை போட்டால் 25 கட்டம். நூறு பேரைப் பிரித்தால் கட்டத்துக்குச் சராசரி 4. போடும்போதே நிபந்தனை உடைந்துவிடுகிறது. மென்பொருள் இதை அட்டவணைக்கு அடியில் சிறிய எழுத்தில் சொல்லும், அந்த வரிதான் அறிக்கைக்கு வருவதில்லை.
2. வயது, பால், கல்வி, வருமானம், தொழில் ஆகிய ஐந்தையும் எட்டுக் கேள்விகளோடு பொருத்தினால் 40 சோதனைகள். 5% எல்லை என்றால் எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில்கூட சராசரியாக இரண்டு சோதனைகள் 'தொடர்பு உண்டு' என்று சொல்லும். அந்த இரண்டை மட்டும் எடுத்துப் பரிந்துரை எழுதினால் காற்றைப் பிடித்து எழுதியதாகும்.

களத்தில் நடப்பது

தொழில்முறை ஆய்வில் செலவும் தலைவலியும் களத்தில்தான். எந்தத் தெரு, எந்த வீடு, வீட்டுக்குள் யார் என்று மூன்று படியிலும் பேட்டியாளரின் இஷ்டத்துக்கு விடக் கூடாது. வாக்காளர் பட்டியலிலிருந்து ஒரு தொடக்க முகவரி கொடுப்பார்கள். அங்கிருந்து வலக்கைப் பக்கமாகவே நடந்து, இத்தனை வீடு விட்டு ஒரு வீடு என்று போக வேண்டும். வீட்டில் கதவைத் திறப்பவரையே கேட்டால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டும் குவியும். அதனால் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949ல் தந்த கட்ட அட்டவணையைப் பார்த்து, உறுப்பினர்களில் யாரைக் கேட்பது என்று முடிவு செய்வார்கள். அவர் இல்லையென்றால் திரும்பப் போக வேண்டும். மேற்பார்வையாளர் சில வீடுகளுக்குப் பின்னால் போய், பேட்டி நடந்ததா என்று சரிபார்ப்பார்.

இந்தச் சங்கிலியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? 2014 தொடக்கத்தில் வெளியான இந்திய வாசகர் கணக்கெடுப்பு 2013ஐப் பல பெரிய நாளிதழ் நிறுவனங்கள் கூட்டாக நிராகரித்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் எடுத்த ஆய்வு அது. அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று: சென்னையிலிருந்து வரும் இந்து பிசினஸ் லைனுக்குச் சென்னையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு வாசகர்கள் மணிப்பூரில் இருப்பதாக அந்தக் கணக்கு சொன்னது. விளம்பரப் பணம் இந்த எண்களைப் பார்த்துத்தான் நகர்கிறது என்பதால் சண்டை பெரிதாயிற்று. 2020 அக்டோபரில் டி.ஆர்.பி. (டி.வி. பார்வையாளர் மதிப்பீடு) விவகாரம் வெடித்தபோதும் அடிப்படை இதுவே. அளவுக் கருவி பொருத்திய சில வீடுகளில் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிட்டார்கள் என்று மும்பை போலீஸ் குற்றம் சாட்டியது. வழக்கு பிறகு எங்கே போனது என்பது தனிக்கதை, ஆனால் செய்திச் சேனல்களின் வாராந்தர மதிப்பீடு 2022 மார்ச் வரை வெளியிடப்படவே இல்லை.

ஏ, பி, சி வீடுகள்: நம் மாநிலத்தில் ஒரு சிக்கல்

ஆய்வு நிறுவனங்கள் வீடுகளை ஏ, பி, சி என்று வசதிப்படி பிரிக்கும்போது வருமானம் கேட்டுப் பிரிப்பதில்லை, கேட்டாலும் உண்மை வராது. 2011லிருந்து வழக்கத்துக்கு வந்த என்.சி.சி.எஸ். என்ற நுகர்வோர் வகைப்பாட்டு முறை இரண்டைப் பார்க்கும்: குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, பதினொரு பொருள்களில் எத்தனை அந்த வீட்டில் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. கலர் டி.வி., கணினி அல்லது லேப்டாப் ஆகியவை அந்தப் பதினொன்றில் உண்டு.

தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு கலர் டி.வி.யை அரசு இலவசமாகக் கொடுத்தது. 2011க்குப் பிறகு மாணவர்களுக்கு லேப்டாப்பும் வந்தது. வாங்கும் சக்தியைக் காட்ட வேண்டிய பட்டியலில் இரண்டு பொருள்கள் வாங்காமலே வீட்டுக்குள் வந்திருக்கலாம். ஆகவே இதே முறையில் பிரித்த தமிழ்நாட்டு வீட்டையும் பீகார் வீட்டையும் ஒரே தட்டில் வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். பொருள்களை எண்ணாமல் படிப்பையும் தொழிலையும் வைத்துப் பிரிக்கும் புதிய முறைக்குத் துறை இப்போது நகர்கிறது. எம்.பி.ஏ. பிராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு தேட வேண்டியதில்லை, யாரும் எடுப்பதாகத் தெரியவில்லை.

அதே நூறை வைத்து

நூறு பேர், மூன்று மாதம், கையில் காசில்லை. இந்த எல்லைக்குள்ளேயே செய்யக்கூடியவை இருக்கின்றன.

1. மக்கள் தொகையைச் சுருக்குங்கள். 'கோயம்புத்தூர் நுகர்வோர்' என்று பட்டியல் எங்கும் இல்லை. 300 பேர் தங்கும் விடுதிக்குப் பட்டியல் உண்டு. அதில் குலுக்கி 100 பேரை எடுத்தால் பிழை 8 புள்ளியாகக் குறைகிறது, குலுக்கலும் உண்மையானது. தலைப்பு சின்னதாகத் தெரியும், பரவாயில்லை.

2. கேட்காமல் எண்ணுங்கள். ஒரு வார்டில் உள்ள மளிகைக் கடை, பெட்டிக்கடை அத்தனைக்கும் போய், முன்னால் தொங்கும் ஷாம்பு சாஷேக்களில் எந்த பிராண்ட், என்ன விலை, எத்தனை சரம் என்று குறித்துக்கொள்ளலாம். ஓ.ஆர்.ஜி. பேர் வாங்கியது இந்த மாதிரிக் கடைத் தணிக்கையில்தான். 'நீங்கள் எந்த ஷாம்பு வாங்குவீர்கள்' என்பதற்கு வரும் பதிலைவிட கடையில் தொங்கும் சரம் பொய் சொல்வது குறைவு.

3. சோதனை நடத்துங்கள். இரண்டு விளம்பர அட்டைகள் தயாரித்து, வரும் நூறு பேருக்கும் நாணயம் சுண்டி ஆளுக்கு ஒன்று காட்டலாம். வந்தவர்கள் ஊரைப் பிரதிபலிக்க மாட்டார்கள்தான். ஆனால் எந்த அட்டை யாருக்கு என்பது குலுக்கலில் தீர்ந்ததால், அவர்களுக்குள் இரண்டு அட்டைகளை ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு. கை ஸ்கொயர் போட்டால் அதற்கு உண்மையிலேயே பொருள் உண்டு. வசதி மாதிரியோடு வாழ வேண்டியவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது என் கருத்து.

4. எண்ணிக்கையை விடுங்கள். பன்னிரண்டு பேரோடு தலைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். சதவீதம் வராது, காரணங்கள் வரும்.

இணையமும் செயற்கைப் பதில்களும்

காசு கொடுத்து இணையத்தில் பதில் வாங்கும் பழக்கம் பரவியதும் போலிகளும் பெருகின. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், போலிப் பதில்களை உண்மையான ஆய்வுத் தரவாக விற்று ஒரு கோடி டாலர் அளவுக்குப் பில் போட்டதாக எட்டுப் பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. இப்போது சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. மொழி மாதிரிகளைக் கொண்டு 'செயற்கைப் பதிலாளர்'களை உருவாக்கும் சேவைகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. கேள்விப்பட்டியலில் குழப்பமான கேள்வி எது என்று ஒத்திகை பார்க்க அவை உதவும். திருப்பூர் பனியன் தொழிலாளி என்ன வாங்குவார் என்று அவற்றிடம் கேட்டால் கிடைப்பது, ஏற்கெனவே எழுதப்பட்டதன் சராசரி. மாணவர் தன் நூறு ஃபார்மையும் இப்படி நிரப்பிவிட்டால் கைடால் கண்டுபிடிப்பதும் எளிதல்ல.

தனிநபர் தரவு பற்றியும் ஒரு வார்த்தை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் நிறைவேறியது. ஃபார்மில் பெயர், செல்போன் எண் கேட்பது பெரும்பாலும் பழக்கதோஷம். தேவையில்லையென்றால் கேட்காதீர்கள். கேட்டால் எதற்கு என்று சொல்லி, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஆராய்ச்சி என்று சொல்லி எண் வாங்கி, பிறகு பொருள் விற்கக் கூப்பிடுவதை இந்தத் துறையின் நடத்தை விதிகள் எங்குமே அனுமதிப்பதில்லை.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

இந்தப் பாடத்தை நம்பி வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு ஆய்வு நிறுவனங்களில் களம், தரவுச் செயலாக்கம், வாடிக்கையாளர் தொடர்பு என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. பெரிய நுகர்பொருள் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் தனிப்பிரிவே உண்டு. எக்செல் எல்லோரும் எதிர்பார்ப்பது, எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தால் கூடுதல். நேர்காணலில் பிராஜெக்டைப் பற்றி வரும் முதல் கேள்வி பெரும்பாலும் 'யாரை, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்' என்பதாகவே இருக்கும். 'நண்பர்களுக்கு லிங்க் அனுப்பினேன்' என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வகத்தில் எந்த மென்பொருள் இருக்கிறது என்பதற்கு முன், இந்த மூன்றையும் சீனியர்களிடம் விசாரிக்கலாம்: மாணவர்களைக் களத்துக்கு அனுப்புகிறார்களா, கேள்விப்பட்டியலை நாலைந்து பேரிடம் முன்சோதனை செய்து திருத்தச் சொல்கிறார்களா, நிரப்பிய படிவங்களில் சிலவற்றை யாராவது போன் போட்டுச் சரிபார்க்கிறார்களா. மூன்றுக்கும் 'இல்லை' என்று வந்தால், முன்பு சொன்ன நாலு வழிகளில் ஒன்றை நீங்களே கைடிடம் எடுத்துப் போக வேண்டியிருக்கும். விடுதிப் பட்டியலோடு போனால் மறுக்கக் காரணம் சொல்வது அவருக்குத்தான் கஷ்டம்.